மந்திரிக்குப் போட்ட வெள்ளைக்கோடு

நெடுவேலிப்பட்டு
9.4.1986

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். நீ அந்த மலையில் என்னத்தைத் தின்று எப்படி இருக்கிறாயோ, அதுதான் என் கவலை.

நீ கேட்ட பிளீச்சிங் பவுடர் இப்போது கிடையாது. சித்திரை முதல் தேதி மார்க்கெட் கட்டடம் திறக்க மந்திரி வருகிறார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மார்க்கெட் வரைக்கும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போட வேண்டும். "காசி, கோடு பளிச்சுனு இருக்கணும், வளைஞ்சி கிளைஞ்சி போச்சின்னா பாத்துக்க" என்று சேர்மன் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். பேரூராட்சியில் இருப்பது ஏழு மூட்டை. அதுவே பத்துமா என்று தெரியவில்லை.

உன் மலைக்காரர்கள் நாற்பது பேர் கரும்பு வெட்ட வந்து குளத்தங்கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள். அந்தக் குளத்திலேயே கால் கழுவுகிறார்கள், அதிலேயே குடத்தை முக்கிக் குடிக்கிறார்கள். காய்ச்சிக் குடிங்கடா என்றால், "வெறகு நீ குடுப்பியா சார்?" என்று ஒருவன் என்னையே கேட்கிறான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதைதான். இவர்களுக்கு நர்ஸ் ஒரு கேடு!

மந்திரி மனம் குளிர்ந்தால் சேர்மன் மனம் குளிரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் உனக்குக் கீழே மாற்றல் கிடைக்கும். மூன்று வருடமாக நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹோட்டல் சோறு எனக்கு வெறுத்துவிட்டது.

உன்
காசிநாதன்


தேக்கம்பாறை, கல்வராயன்மலை
17.4.1986

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். ஊர் நன்றாக இல்லை.

கரும்பு வெட்டப் போனவர்களில் பாதிப் பேர் சித்திரை பிறந்த அன்று திரும்பி வந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் ஐந்து பேருக்கு வாந்தியும் பேதியும். அரிசி கழுவின தண்ணீராகப் போகிறது. கண் குழி விழுந்துவிட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கிறது. இது என்ன நோய் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சுகாதார ஆய்வாளர் பரீட்சையில் நீங்கள் முதல் வகுப்பு.

நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுப் பெண்கள் அசிங்கமான துணிகளை ஓடையில் அலசிவிட்டார்கள். அதே ஓடையில்தான் கீழ்த்தெருக்காரர்கள் ஊற்றுத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். இன்றைக்கு, மலையை விட்டே இறங்காத ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை பவுடர் கையில் இருந்திருந்தால் அந்த ஆறு பேர் நடமாடிக்கொண்டிருப்பார்கள். மந்திரியின் கார் டயருக்குக் காலரா வராமல் காப்பாற்றிவிட்டீர்கள், உங்களுக்குப் பதக்கம் கொடுக்க வேண்டும்.

ஊர்க்கவுண்டர் சடையன் இலந்தை முள்ளை வெட்டி ஊர் வழியை அடைத்துவிட்டார். "ஆத்தா எறங்கிட்டா. உள்ள கீறவன் வெளிய போவக் கூடாது, வெளிய கீறவன் உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் ஆத்தா என்கிறார், நான் கிருமி என்கிறேன். செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான். இந்தக் கடிதமும் முள்ளுக்கு மேலாகக் கைமாறி, பஸ் டிரைவர் வழியாக உங்களுக்கு வருகிறது. டாக்டருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தயவுசெய்து பவுடர் அனுப்புங்கள். அதைவிட முக்கியம், அந்தக் குளத்தை இன்றே அடைத்துவிடுங்கள்.

உங்கள்
அம்சவள்ளி


நெடுவேலிப்பட்டு
20.4.1986

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

உன் கடிதத்தின் மேல் டெட்டால் தெளித்து, அரை நாள் வெயிலில் காயவைத்துப் பிறகுதான் பிரித்தேன். நீயும் கொஞ்சம் யோசித்துக் கடிதம் போடு.

முள் வெட்டிப் போட்டார்களாமே! காலரா காலில் முள் தைத்து நொண்டிக்கொண்டே திரும்பிப் போய்விடுமோ? ஆபீசில் படித்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். படித்த நீயும் அதற்குத் தலையாட்டுகிறாய். பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்பார்கள், நீ சேர்ந்த இடம் அப்படி.

மந்திரி விழா பிரமாதம். காரை விட்டு இறங்கியதும் "ஊரு சுத்தமா இருக்குதே" என்றார். சேர்மன் என் தோளில் கை போட்டார்.

மிச்சமிருந்த அரை மூட்டை பவுடரை இத்துடன் பஸ்ஸில் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று, பதிவேட்டில் காலரா என்ற வார்த்தையை எழுதிவிடாதே. எழுதினால் மேலிருந்து ஆள் வருவான், எங்கே குடித்தார்கள் என்று கேட்பான், குளத்துக்கு வருவான். காட்டுக் காளான் தின்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுது. மலைக்காரன் கண்டதைத் தின்று படுத்தான் என்றால் எவனும் திருப்பிக் கேட்க மாட்டான்.

உன்
காசிநாதன்


தேக்கம்பாறை
24.4.1986

மாமாவுக்கு,

காலரா காகிதத்தில் ஏறி வராது. வாய் வழியாகத்தான் போகும். பேதியானவனின் மலம் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் இன்னொருவன் வாய்க்குப் போனால்தான் வரும். டெட்டாலை அந்தக் குளத்தில் ஊற்றியிருந்தாலாவது நாலு மீன் சுத்தமாகியிருக்கும்.

சித்திரை வெயிலில் எந்த மலையில் காளான் முளைக்கிறது? சடையனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "மழையே இல்ல, காளான் எங்கம்மா? அந்த சார் சோறு துன்றாரா இன்னா துன்றாரு?" என்று கேட்டார். பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மாமா.

நீங்கள் அனுப்பிய பவுடரைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கோடு போட்டுவிட்டு வாயைக் கட்டாமல் போட்டு வைத்த மூட்டை. காரம் எல்லாம் காற்றில் போய்விட்டது. அதில் கோலம் போடலாம், கிருமியைக் கொல்ல முடியாது. இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அனுப்பினீர்கள்.

நேற்று மத்தியானம் குஞ்சம்மாள் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது. மலையை விட்டு இறங்காதவள். புருஷன் செல்லமுத்து கரும்பு வெட்டிவிட்டு வந்து படுத்தான், அவள் அவனுக்கு அள்ளிக் கொட்டிப் பணிவிடை செய்தாள், அந்தக் கையோடு ஒரு வாய் கூழ் குடித்தாள். டாக்டரின் சலைன் பாட்டில் சாயங்காலம்தான் வந்தது. செல்லமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். உங்களிடம் விறகு கேட்டவன் அவன்தான்.

மற்றவர்கள் தேறுகிறார்கள். நான் சொன்னதை ஒரு சொல் தட்டாமல் செய்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் வெல்லமும் போட்டு, வாந்தி எடுத்தாலும் மறுபடி மறுபடி கொடுக்கிறார்கள். ஓடைக்குத் தூரமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுகிறார்கள். சாம்பல் தேய்த்துக் கை கழுவாமல் எவரும் சோற்றைத் தொடுவதில்லை. நீங்கள் நாய் என்று எழுதியது இவர்களைத்தான்.

குஞ்சம்மாளைப் புதைத்துவிட்டு வந்த சடையன் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, எங்க வழிக்கு நாங்க முள்ளு போட்டுக்கினோம். அந்தக் கொளத்துக்கு யாரு போட்டாங்க?"

கரையில் இன்னும் இருபது பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பதிவேட்டை நான் இன்னும் நிரப்பவில்லை. குளத்தை அடைத்துவிட்டேன், அவர்களுக்கு வேறு தண்ணீர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருப்பேன்.

அம்சவள்ளி


நெடுவேலிப்பட்டு
27.4.1986

அம்சவள்ளிக்கு,

இரண்டு வாரத்துக்கு முன்னால் மந்திரி சுத்தமான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது குளத்துக்கு முள் போட்டால் அவர் வாயில் மண் போட்டது மாதிரி. சேர்மன் என் சீட்டைக் கிழித்துவிடுவார். குளத்தை அடைக்க முடியாது. கரையில் இரண்டு பேருக்குப் பேதியாகிறது என்றார்கள். வந்தவர்கள் போய்விடுவார்கள், தண்ணீர் தானே தெளிந்துவிடும்.

உன் மாற்றலுக்குச் சேர்மன் பேசிவிட்டார். பதிவேட்டில் காளான் என்று எழுதி அனுப்பு. அடுத்த வாரம் சாமான் ஏற்ற வேன் அனுப்புகிறேன். ஒரு மலைக்காரி செத்ததற்குக் கட்டின புருஷன் சோற்றில் மண் போடுகிறவள் உலகத்தில் உண்டா? பொண்டாட்டியாக நடந்துகொள்.

காசிநாதன்


தேக்கம்பாறை
3.5.1986

மாமாவுக்கு,

திங்கட்கிழமையே பதிவேட்டை நிரப்பிவிட்டேன். நோய் என்ற கட்டத்தில் காலரா. எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் உங்கள் குளத்தின் பெயர். உங்கள் கடிதங்களில் இரண்டைக் குண்டூசி குத்தி இணைத்து மேலே அனுப்பினேன், நீங்கள் காளான் என்று எழுதிய கடிதத்தையும், முடியாது என்று எழுதிய கடிதத்தையும். தண்ணீரைப் பரிசோதிக்க ஆள் வந்து, குளத்தை அடைத்து, லாரியில் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று பஸ் டிரைவர் சொன்னார். கரையில் இருந்தவர்கள் யாரும் சாகவில்லையாம். ஒரு காகிதத்தில் முடிகிற வேலை இது, மாமா. அதைச் செய்ய உங்களுக்கு மூன்று வாரம் இருந்தது.

உங்களை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரிய அதிகாரி ஒருவர் உங்கள் ஊருக்கு வந்தபோது நான் லீவில் வந்திருந்தேன். கோடு நேராக வரவேண்டும் என்று நீங்கள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தீர்கள், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றவள் நான். கிணற்றுக்குப் போட வேண்டிய பவுடர் அது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். என் வாக்குமூலத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். உங்களைப் பார்த்து வருகிற குமட்டல் என்னைப் பார்த்தும் வருகிறது.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேன் அனுப்ப வேண்டாம்.

பதினேழாம் தேதி கடலூரில் விசாரணை. உங்களுக்கும் தாக்கீது வந்திருக்கும். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில்தான் பஸ் ஏற வேண்டும். நீங்கள் வழக்கம்போல முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டு எனக்கு ஜன்னலோரம் இடம் பிடிப்பீர்கள். பிடிக்க வேண்டாம். நான் நின்றுகொண்டே வருகிறேன்.

அம்சவள்ளி