மாதா நிற்காமல் போன வீடு

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஜெபமாலை மாதம் முழுக்க மாதா சுரூபத்தை எங்கள் செபக் குழு வீடு வீடாகக் கொண்டுபோகும். இன்று ரீட்டாவின் முறை. அவள் மகன் போதைப்பொருளோடு பிடிபட்டு மறியலில் அடைபட்டிருக்கிறான். ரீட்டா மெழுகுதிரி ஏற்றி, கையில் பூமாலையோடு வாசலில் நின்றாள். சுரூபத்தைச் சுமந்தவள் நான்.

"அங்க நிக்க வேணாம், நேரா நடங்க," என்றார் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா.

நடந்தேன். பாட்டைக்கூட நிறுத்தவில்லை. போன கூட்டத்தில் "நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்று பேசியவளும் நான்தான்.

அடுத்தது என் வீட்டின் முறை. சுரூபத்தை இன்றே அங்கே கொண்டுவந்தோம். ரீட்டா பின்னாலேயே வந்து, வெளியே மணலில் முழங்காலில் நின்று, எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகச் செபித்தாள். போகும்போது மாலையை என்னிடம் தந்தாள்.

"மாதாவுக்குப் போட்டுவிடுங்க அக்கா."

மாலை மேசையில் கிடக்கிறது. போடக் கை எழவில்லை.