நிற்கும் வண்டியில் விசில்

மார்ச் 4, புதன்

இன்று ஒரு பல் டாக்டர் வந்தார். பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். சிவப்பு நிறச் சின்ன வண்டி, டர்போ இன்ஜின், பின்பக்கம் இறக்கை வேறு. கையில் ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் பளபளவென்று ஓர் அலுமினியக் குழாய், கூம்பு வடிவத்தில் ஒரு ஏர் ஃபில்டர், நான்கு கிளாம்ப், ஒரு ஸ்டிக்கர். எல்லாம் சேர்ந்து 'கிட்'டாம். இருப்பதிலேயே முக்கியமான பாகம் ஸ்டிக்கர்தான் என்று நினைக்கிறேன்.

"கம்பெனி போட்ட ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு இதை மாட்டணும் அண்ணா."

"எதுக்கு?"

"இன்ஜின் நல்லா மூச்சு விடும்ல."

இப்போது மட்டும் என்ன, ஜலதோஷமா? படித்த இன்ஜினியர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பெட்டியை விட, எவனோ வீடியோவில் காட்டிய குழாய் உசத்தியாகிவிட்டது. கொதிக்கிற இன்ஜினுக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் ஃபில்டரை வைத்தால் அது சூடான காற்றைத்தான் இழுக்கும். பவர் குறையுமே தவிர ஏறாது. சொன்னேன். "சவுண்டும் சூப்பரா இருக்கும் அண்ணா" என்று சிரித்தார். அப்படிச் சொல்லுங்கள் தாயே! சத்தத்துக்குத்தான் இவ்வளவு பந்தாவும்.

மாப்பிள்ளை—என் தங்கை கணவர், ஒர்க்ஷாப் முதலாளி—என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "வர்ற வேலையை ஏன் மச்சான் விரட்டுறீங்க?" என்றார். வெள்ளிக்கிழமை மாட்டித் தருவதாகப் பேச்சு.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் மறுபடியும் அதே பாட்டு. "டிவியை ஏங்க இப்படி அலற விடுறீங்க? பக்கத்து வீட்ல கதவை அடைச்சுக்கறாங்க. ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணிட்டு வந்துருவோம்." நாலு வருஷமாக வீட்டுக்காரி இதையே சொல்கிறாள்.

யாருடைய காதை? இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒர்க்ஷாப்பை விட்டு ஒரு வண்டி வெளியே போவதென்றால் கடைசி வார்த்தை என் காது சொல்வதுதான். இன்ஜினை ஓடவிடுவேன். எல்லோரையும் வாயை மூடச் சொல்வேன். கண்ணை மூடிப் பத்து எண்ணுவேன். "போகலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை சாவியைக் கொடுப்பார். மற்ற ஒர்க்ஷாப்காரர்கள்கூட, என்ன கோளாறு என்று பிடிபடாத வண்டியை என்னிடம் அனுப்புவார்கள். கோளாறைக் காட்டும் ஸ்கேனர் மெஷின் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. அவசியம் வரவில்லை.

காதை எடுத்துவிட்டால் அங்கே நான் யார்? நட்டு முடுக்குகிற ஆள். அதற்கு யார் வேண்டுமானாலும் போதும். டெஸ்டாம், டெஸ்ட்.

மார்ச் 6, வெள்ளி

மாட்டியாயிற்று. ஒன்றரை மணி நேர வேலை. பேட்டரி வயரைக் கழற்றி, பெட்டியின் மேல் இருக்கும் சென்சாரை உருவி, போல்ட் இரண்டைத் திருப்பினால் பழைய பெட்டி கையோடு வந்துவிடும். அதன் முதுகில் கிளிப் போட்டுப் படுத்திருந்த மெல்லிய ரப்பர் வாக்யூம் ஹோஸ் மட்டும் அடம் பிடித்தது. இழுத்த இழுப்பில் வந்தது. புதுக் குழாய்க்கு அடியில் அதைத் திரும்பச் சொருகினேன்.

டாக்டரம்மா பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தபடி இருந்தார். ஸ்டிக்கரைத் தானே ஒட்டினார். அதற்கு மட்டும் அளவுகோல்!

பிறகு என் வேலை. எல்லோரும் வாயை மூடினார்கள். கண்ணை மூடிப் பத்து எண்ணினேன். சுத்தமாக இருந்தது. போகலாம்.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார். "கேட்டீங்களா அண்ணா? ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தா 'ப்ஸ்ஸ்'னு வருது!" ஒரு மண்ணும் வரவில்லை. முன்னே எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டால் மனசே சத்தம் போடும் போலிருக்கிறது. தலையை ஆட்டி வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

டாக்டரம்மா திரும்ப வந்தார். "சிக்னல்ல நிக்கும்போது மெல்லிசா ஒரு விசில் வருது அண்ணா. இன்ஜினும் லேசா நடுங்குது."

கண்ணை மூடிக் கேட்டேன். விசிலாவது ஒன்றாவது.

"அது டர்போ சத்தம். இதுக்குத்தானே மாட்டுனீங்க?"

"நிக்கும்போதுமா வரும்?"

"ஆமா, வரும்."

போகும்போது மாப்பிள்ளையிடம், நான் அவரை மதிப்பதே இல்லை, பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று புகார் சொன்னாராம். முதுகுக்குப் பின்னால் நின்று முனகினால் யார் திரும்புவார்கள்? பல் பிடுங்குகிறவர்களுக்கு எதிராளி வாயைத் திறந்தபடி பதில் சொல்லாமல் கிடந்தே பழக்கம். நான் பேசாவிட்டால் மட்டும் குற்றமா?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை. இல்லை, பேசினாளோ?

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் டாக்டரம்மா வண்டி நாற்சந்தியில், வலது பக்கம் திரும்பும்போது அணைந்துவிட்டது. பின்னால் லாரி. லாரிக்காரன் பிரேக் அடித்து ஒரு கை தூரத்தில் நிறுத்தியிருக்கிறான். நாலு பேர் தள்ளிவிட, எப்படியோ கிளப்பி இங்கே கொண்டுவந்தார். 

பானட்டைத் திறந்து ஓடவிட்டேன். நடுக்கம் தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. "கிட் மட்டம், வேற ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தேன். வண்டி கழுவுகிற அம்மா பத்தடி தள்ளி, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணே, குக்கர் மாதிரி கத்துது? கேக்கலையா உங்களுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

"கேக்குது, கேக்குது" என்றேன். எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே? தேடுகிற மாதிரி நடித்தேன். அவளே சொன்னாள்: "அந்தக் குழாய்க்குக் கீழண்ணே." விரலை விட்டுத் துழாவினேன். வாக்யூம் ஹோஸ் கழுத்தில் ஒரு கீறல். விரல் நுனியை உள்ளே இழுத்தது. வெள்ளிக்கிழமை நான் இழுத்த இழுப்பில் கிழிந்தது, போகப் போகப் பெரிதாகியிருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் டர்போ விசில் அடிக்காது. இது எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம்! முந்தாநாள் வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஏன் சொன்னேன்? கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொன்னேன்.

அதற்கு மேலும் கேவலம்: ஹோஸை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, "இந்தக் கிட்டாலதான் இவ்வளவும்" என்று எல்லோர் முன்னாலும் மறுபடி சொன்னேன். மாப்பிள்ளையும் "ஆமாம்மா, இதெல்லாம் நம்ம வண்டிக்கு ஒத்து வராது" என்று தாளம் போட்டார். கிட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டி, புது ஹோஸும் போட்டுவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வண்டியை எடுக்க வந்த டாக்டரம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நீங்க முதல்லயே வேணாம்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல."

வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் மாதிரி நின்றேன். தூ.

மார்ச் 14, சனி

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அந்தக் கிழிந்த ஹோஸை ஒர்க்ஷாப் வேனில் மாட்டி ஓடவிட்டேன். பழைய பில் ஒன்றைக் கிழித்து, துண்டுக் காகிதத்தைக் கீறலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சட்டென்று ஒட்டிக்கொண்டு படபடத்தது. காற்று போகிறது. கண் பார்க்கிறது, விரல் சொல்கிறது. காதை அருகில் கொண்டுபோனேன். இன்னும் அருகில். ஃபேன் காற்று தலைமுடியைக் கலைக்கிற தூரம் வரை போனேன். இன்ஜினின் கனமான சத்தம் முழுதும் கேட்டது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தால் வண்டி கழுவுகிற அம்மா வாசலில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். "இன்னுமாண்ணே அந்தச் சத்தம்? தாங்கலையே!"

வேனுக்குள் ஏறி உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து நாலு வயசுக் கிழவன். யாரையெல்லாம் நக்கலடித்தேன்! இனி என்னை எவன் வேலைக்காரன் என்பான்? எத்தனை வண்டிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு "போகலாம்" சொன்னேனோ. எந்த வண்டி எங்கே நின்றதோ.

மார்ச் 16, திங்கள்

டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் ஆறு பேர். உள்ளே ஒருவருக்குப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா கண்ணை இறுக மூடி, "இந்தச் சத்தம் கேட்டாலே பல்லு கூசுது" என்றார். எனக்கு வெறும் மோட்டார் உறுமல்தான் கேட்டது. அதுவும் லேசாக. நல்ல வேளை, என் பல்லைக் காட்ட வரவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து காதிலிருந்து இரண்டு பஞ்சு அடைப்பான்களை எடுத்தார். ஹோஸை மேஜையில் வைத்தேன். கிழித்தது நான், கிட் மேல் தப்பில்லை, விசில் எனக்குக் கேட்கவே இல்லை, கேட்டதாகச் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

பெரிய மனசு பண்ணி "பரவாயில்லை" என்பார் என்று நினைத்தேனா? இல்லை. முகம் சிவந்துவிட்டது.

"என் பின்னாடி லாரி வந்துது அண்ணா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. விசில் வருதுன்னு நான் சொன்னப்ப, எனக்குக் கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

முடியவில்லை. அதைத்தான் சொன்னேன். "முடியலம்மா."

 பிறகு அடைப்பான்களைக் காட்டினார். "எங்க டிரில் சத்தமும் காதைத் தின்னுடும். நான் வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறேன். நீங்க இத்தனை வருஷம் அந்த இரும்புச் சத்தத்துல நின்னுட்டு எதையுமே அடைச்சுக்கல, அப்படித்தானே?" ஒரு சீட்டில் காது டாக்டரின் விலாசத்தை எழுதி நீட்டினார். கோபம் மட்டும் குறையவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.  எழுந்து போய் ஸ்கேனரின் உறையைப் பிரித்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

டெஸ்ட். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் பழுது என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால், அந்தப் பெண் மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தாள். பழுது மெஷினில் இல்லை.

தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். பாதி வரை நேராக வந்து, பிறகு மாடிப்படி மாதிரி மடமடவென்று இறங்கியது. கனமான சத்தம் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தம் கேட்காது. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரி, "நாலு வருஷமா நான் கத்தினதை ஒரு மெஷின் சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றாள். நம்புவேன் என்றேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒர்க்ஷாப்பில் இரண்டு வாரமாக நட்டு மட்டும் முடுக்குகிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கருவி வந்தது. கொடுமை. பிளாஸ்டிக் பை சத்தம், தட்டில் கரண்டி சத்தம், என் செருப்புச் சத்தம். உலகத்தில் இவ்வளவு வேண்டாத சத்தமா? செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடக்குகிற மாதிரி இருக்கிறது. கழற்றி எறியலாம் என்று நாலு தடவை கை போய்விட்டது. பழகிவிடும் என்கிறார்கள். சொல்கிறவர்கள் மாட்டிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 11, சனி

டாக்டரம்மா வந்தார். கையில் அதே அட்டைப்பெட்டி. "திரும்ப மாட்டணும்." மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவும் என்னைத்தான் பார்த்தார். "இவரே மாட்டட்டும்" என்றார். இந்தப் பெண்மணிக்குப் பிடிவாதம் அதிகம். புத்தி அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஒன்றரை மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எல்லா ஹோஸையும் புதிதாகப் போட்டேன். மாப்பிள்ளை ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். நான் விரலை விட்டுத் துழாவினேன், காகிதத்தை வைத்துப் பார்த்தேன். வண்டி கழுவுகிற அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டுச் சொல்லும்மா" என்றேன். எல்லோரும் வாயை மூடினார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். நன்றாக நிதானித்துவிட்டு "ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். கருவியோடு எனக்கும் விசில் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் சொல்லித்தான் மாப்பிள்ளை சாவியைக் கொடுத்தார். நெஞ்சில் சுருக்கென்றது. கொடுத்தது சரிதான்.

டாக்டரம்மா வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தார்.

ப்ஸ்ஸ்ஸ்.

"கேட்டுதா அண்ணா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

சின்னக் குழந்தை மூக்குச் சிந்துகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். இதற்கா கிட், இதற்கா ஸ்டிக்கர், இதற்கா இத்தனை பாடு!

"சரியாக் கேக்கலம்மா" என்றேன். "இன்னொரு தடவை மிதிங்க."