ரூட் கணக்கில் நுழைந்தது நான்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஊர் மாறிப் போயும் உங்களுக்கு வேலை அமையவில்லை என்று நம் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் சொன்னார். "டேட்டாவ அழிச்சவங்கள யாரு சேத்துக்குவா?" என்று சிரித்தபடியே சொன்னார்.

அக்கா, அழித்தது நான்.

அன்று மத்தியானம் என் திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டு திறந்திருந்தன. ஒன்று சோதனை சர்வர். மற்றது நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் சர்வர். சோதனை சர்வரில் பழைய கோப்புகளை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அழிக்கும் முன் எந்த மெஷினில் இருக்கிறோம் என்று பார், அழியப்போவது என்னென்ன என்று பட்டியல் எடுத்துப் பார் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! இரண்டையும் செய்யவில்லை. என்டரைத் தட்டிய பிறகுதான் மெஷினின் பெயர் கண்ணில் பட்டது. நிறுத்துவதற்குள் எல்லாம் போய்விட்டது.

நீங்கள் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். பேக்கப் நகலை எடுத்தால் அது ஒன்பது நாள் பழையது. டிஸ்க் நிறைந்துபோய் அதற்குப் பிறகு எதுவுமே ஏறவில்லை. நாம் ஒருமுறையாவது மீட்டெடுத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வார்டில் படுத்திருந்த அந்தத் தச்சருக்கு எந்த ஊசி ஆகாது என்ற குறிப்பு அந்த ஒன்பது நாளுக்குள்தான் பதிவாகியிருந்தது. அதே ஊசியைப் போட்டார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

விசாரணையில், யார் நுழைந்தது என்று குறிக்கும் சர்வர் பதிவேடு காட்டியது ஒரே பெயர்தான்: எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு. நாம் இருவரும் அதில்தான் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்துகொண்டிருந்தோம். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வோம் என்று நீங்கள் கேட்டபோது, இப்போது என்ன அவசரம் என்று தட்டிக்கழித்ததும் நான்தான். மேலாளர் கேட்டதும், "நான்தான் எதையாவது ஓடவிட்டுட்டுச் சாப்பிடப் போயிருப்பேன் சார், பேக்கப்பும் என் பொறுப்புதானே" என்றீர்கள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தச்சரின் மனைவி, புருஷனின் ரிப்போர்ட் நகல் கேட்டு நம் அறைக்கே வந்துவிட்டார். "அழிச்ச பொண்ணு நீயாம்மா?" என்று கேட்டார். இல்லை, அவங்க போயிட்டாங்க என்றேன். "பாவம், நீ என்ன பண்ணுவ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுநாளே நடந்ததை எல்லாம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "முடிஞ்சதைக் கிளறாதம்மா, கேஸாயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை அந்த அம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். கதவைச் சாத்திக்கொண்டார். இன்று முதல் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கையெழுத்திட்ட நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் காட்டுங்கள். நம்பாதவர்களுக்கு என் போன் நம்பரைக் கொடுங்கள். யார் கேட்டாலும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் அம்மா எதையும் அழிக்கவில்லை.

பதில் எழுத உங்களுக்கு மனம் வராது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள், அக்கா.

இப்படிக்கு,
ஆறு வருடம் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவள்