அரைச் சுற்று

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் உன் விளையாட்டுச் சாமான் கடையில் மூன்று பேருக்கு நடுவே நின்றுகொண்டு "ம், ம், சொல்லு" என்பாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

ஏழு வருடம் கழித்து மறுபடி வில்லைத் தூக்கியிருக்கிறேன். சிரிக்காதே. பல் செட் செய்கிற கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ அராவி அராவி முதுகு போய்விட்டது. முதுகுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்து முதுகால் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு கிளப். பழைய கிடங்கு, சிமென்ட் தரை, ஓரத்தில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஒரு சாக்கு. வில்லை அவர்களே தருகிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் நாணைப் பிடித்து விடுகிற ரிலீஸ் இருக்கிறதே, அதையெல்லாம் பொதுவாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்தேன். விரல் பதியும் பள்ளங்களில் கறுப்பாகப் பசை. ஊரார் வியர்வையெல்லாம் சேர்ந்து உறைந்தது. கட்டைவிரல் வைக்கும் முனையில் யாருடைய தோலோ உரிந்து ஒட்டியிருந்தது. அடுத்தவர் பல்லைத் தொட்டுப் பிழைக்கிறவள் நான், எனக்கே குமட்டியது. என் முகத்தைப் பார்த்த பொறுப்பாளர், பெரிய மனசு பண்ணி, தன் சொந்த ரிலீஸைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார். பிஸ்கட் தூளோடு வந்தது. "இதுல பழகுங்க மேடம், கைக்கு இதமா இருக்கும்" என்றார். இதமாகத்தான் இருந்தது, அவர் தொடைச் சூட்டில்.

ஆகவே எனக்கென்று ஒன்று வேண்டும். மணிக்கட்டில் பட்டை போட்டுக் கட்டுகிற ரகம் வேண்டாம். கையில் பிடித்து, கட்டைவிரலால் விடுகிற ரகம். என் கை உனக்குத் தெரியும், கடையிலிருந்து நீயே தேர்ந்து அனுப்பு.

இன்னொன்று. ஜூலை 27 கிளப் அணிக்குத் தேர்வு. பெயர் கொடுத்துவிட்டேன். ஏழு வருடத்துக்கு முந்தின அந்தத் தேர்வு நாளில் என் கட்டைவிரல் செத்துப்போய் நின்றதை நீ பக்கத்தில் இருந்து பார்த்தவன். இன்றைக்கும் பல்லை அராவும்போது அந்த விரல் கண்ணில் பட்டால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்த முறையும் அது உறைந்துபோனால், அதோடு சரி. வில்லை இனி தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் வாலு


ஜூன் 13

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். பிஸ்கட் தூளுக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்கு முழங்கால் வலியே வந்துவிட்டது.

மூன்று ரிலீஸ் அனுப்பியிருக்கிறேன். பிடித்ததை வைத்துக்கொள். முதலாவது நான்கு விரலுக்கானது. உன் கை சின்னது, சுண்டுவிரல் சும்மா தொங்கும், ஆனாலும் பிடித்துப் பார். இரண்டாவது மூன்று விரலுக்கானது, இலேசானது. மூன்றாவதும் மூன்று விரலுக்கானதுதான், பித்தளை, கனமாக இருக்கும். கனம் இருந்தால் கை ஆடாது. என்னைக் கேட்டால் மூன்றாவது.

கட்டைவிரல் விசையை இலேசாக வைக்க ஆசைப்படாதே. புதிதில் எல்லாரும் பண்ணுகிற தப்பு அது. இலேசாக வைத்தால் இழுக்கும்போதே விட்டுவிடும், உன் முஷ்டியே உன் வாயில் வந்து குத்தும். அப்புறம் உன் கூடத்திலேயே உனக்கு ஒரு பல் செட் பண்ண வேண்டிவரும். கட்டைவிரலைப் போட்டு அமுக்காதே. சும்மா வளைத்துப் பிடித்துக்கொண்டு முதுகால் இழு. எப்போது விட்டது என்று உனக்கே தெரியக்கூடாது. இதெல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய ரிலீஸ் இன்னும் உன்னிடம் கிடந்தால் அதை எடுத்துப் பழகித் தொலைக்காதே. அதன் விசை உனக்கு அரைச் சுற்று அதிகம். எனக்கே அனுப்பிவிடு, பழைய இரும்போடு போட்டுவிடுகிறேன்.

அண்ணிக்கு ஜூலை 25 முழங்கால் அறுவை. பத்துப் பதினைந்து நாள் படுக்கையில் இருக்க வேண்டுமாம். கை, கால் கழுவுவதிலிருந்து எல்லாமே ஒருவர் கூட இருந்து செய்ய வேண்டும். என்னால் அதெல்லாம் முடியாதென்று உனக்குத் தெரியும். நீ வந்து இருந்தால் அவளுக்கும் தைரியம். கிளப் தேர்வுதானே, அடுத்த வருடமும் வைப்பார்கள்.

பாசத்துடன்,
அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணா,

மூன்றும் வந்து சேர்ந்தன. பத்து நாளாக மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்க்கிறேன்.

முதலாவதில் நீ சொன்னதுபோலவே சுண்டுவிரல் அநாதையாக நிற்கிறது. இரண்டாவது அவ்வளவு இலேசு, கையில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது, நாணை விட்டதும் கை எங்கேயோ போகிறது. மூன்றாவதுதான் சரி. முனை என் கட்டைவிரலின் இரண்டாவது கணுவில் வந்து உட்காருகிறது. கனமும் வேண்டிய அளவு. உன் கண் தப்பவில்லை.

இந்த இடத்தில் நன்றி சொல்லிக் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி ஈறில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. "அதன் விசை உனக்கு அரைச் சுற்று அதிகம்."

அந்தத் தேர்வு நாளில் விசை இறுகி இருந்ததாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அப்படித் தோன்றியது, ஆனால் நம்பவில்லை. என் பழக்கம் உனக்குத் தெரியும். விசைத் திருகைச் சரியாக வைத்ததும், திருகின் தலைக்கும் ரிலீஸின் உடம்புக்கும் சேர்த்துக் குறுக்கே ரோஸ் நகப்பூச்சால் ஒரு கோடு போடுவேன். திருகு நகர்ந்தால் கோடு உடையும். அன்றைக்கு முதல் அம்பு போகாதபோது கோட்டைத்தான் பார்த்தேன். உடையாமல் நேராக இருந்தது. அப்படியானால் கெட்டது விரல்தான் என்று நினைத்தேன். விரலால் வெடுக்கென்று குத்தி விட்டேன், அம்பு பலகைக்கு வெளியே போனது. இரண்டு அம்புகளை விடவே முடியவில்லை, நேரம் முடிந்து வில்லை இறக்கிவிட்டேன். ஏழு வருடமாகப் பயந்தாங்கொள்ளி என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ரிலீஸ் என் துணிப்பெட்டியின் அடியில் அதன் உறைக்குள் இருந்தது. அன்றைக்குப் பிறகு அதைத் திறந்ததே இல்லை. நேற்று அதைக் கூடத்துக்கு எடுத்துப் போய் லென்ஸின் அடியில் வைத்தேன். திருகின் தலையில் என் கோடு சுரண்டப்பட்டிருக்கிறது. சுரண்டிய இடத்தில் அதே ரோஸ் பூச்சால் புதுக்கோடு. நான் எப்போதும் இரண்டு பூச்சு பூசுவேன், இது ஒரே பூச்சு. சாவி போடும் பள்ளத்துக்குள் பழைய கோட்டின் மிச்சம் அப்படியே இருக்கிறது, அரைச் சுற்று தள்ளி.

அந்த நகப்பூச்சுக் குப்பி நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. வீட்டில் இருந்தது மூன்று பேர். அப்பாவால் அப்போது ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. அண்ணி அப்போது நம் வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

நான் தப்பாக நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

வாலு


ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

நாலைந்து தாள் கிழித்துப் போட்டேன். நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை. நான்தான் செய்தேன்.

அன்று காலை நீ அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரிலீஸ் மேசைமேல் இருந்தது. கடைச் சாவிக்கொத்தில் திருகு திருப்புகிற சின்னச் சாவி இருந்தது. ஐந்து நிமிட வேலை. பூச்சு காய்வதற்குத்தான் ஊதிக்கொண்டு நின்றேன்.

நீ தேர்வாகியிருந்தால் ஆறு மாதம் முகாமுக்குப் போயிருப்பாய். அப்பாவோடு நான் தனியாக. அதற்கு முந்தின வாரம் நீ சாமான் வாங்கப் போனபோது அப்பா படுக்கையை நனைத்துவிட்டார். வெறும் நனைத்தது மட்டுமில்லை. "தம்பி, கொஞ்சம் வாடா" என்று கூப்பிட்டார். வாசல்வரை போனேன். நாற்றம் மூக்கில் ஏறியதும் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் போய் நின்றேன். நீ வரும்வரை இரண்டு மணி நேரம். கடைக்குப் போயிருந்ததாக உன்னிடம் சொன்னேன். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆறு மாதம் அப்படி முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். பொறாமை இல்லை. நீ நன்றாக எய்வது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சில பேருக்கு அருவருப்பு அதிகம், உடம்பின் சுபாவம் அது, என்ன செய்வது.

ஒரு விதத்தில் அப்பாவுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. கடைசிவரை மூன்று வருடம் நீ கூடவே இருந்தாய். அதை நினைத்து மனசை ஆற்றிக்கொள். அண்ணிக்கு இது தெரிய வேண்டாம், அறுவை நேரம். நீ 24ஆம் தேதியே வந்துவிட்டால் நன்றாக இருக்கும். நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

மன்னித்துவிடு.
அண்ணன்


ஜூலை 28

அண்ணனுக்கு,

24ஆம் தேதி நான் வரவில்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அண்ணியிடம் அறுவைக்கு முன்னாலேயே போனில் பேசிவிட்டேன், தேர்வு இருக்கிறது, வர முடியாது என்று மட்டும் சொன்னேன். "நீ போய் எய்துட்டு வாம்மா, உங்க அண்ணன் பாத்துக்குவார்" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அது என் வழியாக உனக்கு வந்து சேரட்டும். அண்ணிக்குப் படுக்கைப் பாத்திரம் வைப்பதும் எடுப்பதும் கழுவுவதும் நீதான். ஆள் வைத்தால் வைத்துக்கொள், அவர் வராத நாளில் நீதான். தெருவில் போய் நிற்காதே.

உன் கடிதத்தை ஒரு தரம்தான் படித்தேன். அதற்குப் பிறகு கையைக் கழுவினேன், நிஜமாகவே எழுந்து போய்க் கழுவினேன். உடம்பின் சுபாவம் என்கிறாய். எனக்கும் அதே மூக்குதான் அண்ணா, அதே வயிறுதான். முதல் மாதம் முழுக்க அப்பாவைத் துடைத்துவிட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் காதில் விழாதபடி வாந்தி எடுத்திருக்கிறேன். அருவருப்பு உனக்கு மட்டும் வாய்த்த விசேஷம் ஒன்றும் இல்லை.

நீ செய்ததையாவது ஒரு நாள் மறந்திருப்பேன். போட்டி போனது போகட்டும். ஆனால் நான் துடைத்துவிடும்போது அப்பா தினமும் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். "என் கவலையிலதாம்மா உன் கை வரல. என்னாலதான் உன் ஆட்டம் கெட்டுச்சு. மன்னிச்சிரும்மா." ஒரு நாள் தவறாமல் சொன்னார். பேச்சுக் குழறிப்போன பிறகும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். கடைசி நாளிலும் அதுதான். நான் இல்லப்பா, இல்லப்பா என்பேன். விரல்தான் பயந்துடுச்சு என்பேன். அவர் நம்பவில்லை.

அதெல்லாம் நடக்கும்போது நீ நடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாய். கதவு திறந்துதான் இருக்கும். மூன்று வருடம் தினமும் காதில் விழுந்திருக்கிறது உனக்கு. உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் மகளைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அந்த மனிதர் போனார். அதை நல்லதாக முடிந்தது என்று எழுதுகிறாய். அந்தப் படுக்கையில் நான் அள்ளியதெல்லாம் இதைவிடச் சுத்தம்.

நேற்றுத் தேர்வு. பழைய ரிலீஸைத்தான் எடுத்துப் போனேன். நீ வைத்த கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, திருகை அரைச் சுற்று பின்னால் திருப்பி, என் பழைய கோடு இருந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு பூச்சு பூசினேன். முதல் அம்புக்கு இழுத்து நிறுத்தினபோது பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். முதுகால் இழுத்தேன். எப்போது விட்டது என்று தெரியவில்லை. பலகையின் நடு மஞ்சளில் நின்றது. முப்பத்தாறு அம்பு, ஒன்றைக்கூட எய்யாமல் இறக்கவில்லை. நான்கு பேரை எடுத்தார்கள், நான் மூன்றாவது. பிஸ்கட் பொறுப்பாளர் கை கொடுத்தார், தயங்காமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், வாய்விட்டே. விரல் நல்லாத்தான் இருக்குப்பா, அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு என்று. கேட்க ஆள் இல்லை.

மூன்று ரிலீஸையும் இந்தப் பெட்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றின் விசையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் வைத்திருந்தாய். அண்ணன் அனுப்பியதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டி வந்ததே, அது போதும் எனக்கு. பதில் எழுதாதே. மூன்றாவது நல்ல ரிலீஸ்தான், யாருக்காவது விற்றுவிடு. உன் கை பட்டது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

அப்பாவின் மகள்