இருபதில் ஆறு போனால் இருபத்தாறு

செப்டம்பர் 4, திங்கள்

வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை. ஒன்பதாம் வகுப்பு, சி பிரிவு. முப்பத்தெட்டுப் பேர், நாற்பது நிமிடம், அரைத் துண்டு சாக்பீஸ். இன்று அடைப்புக்குறிக் கணக்குகளை ஆரம்பித்தாக வேண்டும். ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. வேறு யார், ஏன்காரிதான்.

அந்தப் பட்டத்தை வகுப்புதான் வைத்தது. நான் வைக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

"அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள இருக்கற குறி ஏன் டீச்சர் மாறுது?"

"மாறும். அவ்வளவுதான்."

"அதான் டீச்சர், ஏன்?"

"பரீட்சையில ஏன்னு கேப்பாங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒவ்வொரு ஏனுக்கும் நின்றுகொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது? இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். எட்டு வருடமாக என் வகுப்பில் ஒருத்தர்கூடத் தோற்றதில்லை. எனக்கும்தான் பட்டம் இருக்கிறது, 'ஸ்டெப் டீச்சர்' என்று. வரி வரியாக எழுது, புரியாவிட்டாலும் மார்க் வரும். போர்டில் போட்ட கணக்கையேதான் பேப்பரிலும் கொடுப்பேன். இதற்கு மேல் ஒரு வாத்தியார் என்னதான் செய்ய வேண்டும்?

செப்டம்பர் 6, புதன்

தொண்டை கட்டிவிட்டது. பேசாமல் நான்கு கணக்குகளைப் போர்டில் போட்டேன். நடுவில் பியூன் சுற்றறிக்கையோடு வந்து நின்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். ஏன்காரி மட்டும் பாதியில் கையைத் தூக்கினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். இறக்கிவிட்டாள்.

அமைதியான வகுப்பு. நல்ல நாள்.

அக்டோபர் 16, திங்கள்

தேர்வுத்தாள் திருத்தினேன். இந்தத் தேர்வுதான் முக்கியம். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பிலேயே பிரித்துவிடுவார்கள்; இதில் அறுபது எடுத்தால்தான் அடுத்த வருடம் கணிதப் பிரிவு. இல்லையென்றால் பொதுப் பிரிவு.

விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என் கை தானாக ஓடும். பத்துத் தாளுக்குப் பிறகு கண்கூட வேண்டாம். இவர் கடந்து போகும்போது, "டீச்சரம்மா மெஷின் ஓடுது" என்றார். இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் நக்கல் வரும்.

அக்டோபர் 18, புதன்

பட்டியலை ஒட்டியாயிற்று. ஏன்காரி ஐம்பத்தெட்டு. இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது.

தாளை வாங்கிக்கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். வந்து நிற்பாள், ஏன் டீச்சர் குறைத்தீர்கள் என்பாள் என்று பதிலோடு காத்திருந்தேன். வரவில்லை. பேனாவை எடுத்து நோட்டில் எதையோ திருத்தினாள்.

ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

பெற்றோர் கையெழுத்து வாங்கித் திரும்பி வந்த தாள்களை மேசைமேல் வைத்திருந்தேன். இவர் டீ குடித்துக்கொண்டே மேலே இருந்த ஒன்றைப் புரட்டினார்.

"ஏன்ம்மா, உங்க ஸ்கூல்ல இருபதுல ஆறு போனா இருபத்தாறா?"

"என்னது?"

"இதோ. இருபது மைனஸ் ஆறுன்னு ஒரு வரி. அடுத்த வரியில இருபத்தாறு. நீ வேற டிக் போட்டிருக்க."

பிடுங்கிப் பார்த்தேன்.

20 − 2(x − 3) = 10
20 − 2x − 6 = 10
26 − 2x = 10
x = 8

விடை சரி. முதல் வரி சரி, மூன்றாவது சரி. இரண்டாவது வரியில் +6 இருக்க வேண்டும். அடுத்த தாளை எடுத்தேன். −6. அதற்கடுத்ததும் −6. டீ ஆறிப்போயிற்று. இரண்டு பேர் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. முப்பத்தைந்து பேர் −6 என்று எழுதி, அடுத்த வரியில் கூசாமல் இருபத்தாறு என்று எழுதியிருக்கிறார்கள். என் விடைக்குறிப்பிலும் −6. அன்று போர்டில் நான் போட்டது −6. பியூன் வந்து நின்ற நாள். மனதில் சரியாகப் போட்டுக் கை தப்பாக எழுதியிருக்கிறது. அதை அப்படியே குறிப்பிலும் ஏற்றியிருக்கிறேன்.

முப்பத்தைந்து பேர் படம் வரைந்திருக்கிறார்கள். என் கையெழுத்தைப் பார்த்து.

ஒரே ஒரு தாளில் +6. அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "குறியைக் கவனி" என்று எழுதி, இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

யாருடைய தாள் என்று எழுதவும் வேண்டுமா?

இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மைதானத்துல நான் நட்டு வெச்ச கம்பத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பறவன் டெஸ்ட்ல பாஸாயிடுவான். கம்பம் கோணலா இருந்தா கோணலாவே திருப்புவான். அவனை நம்பி நான் ரோட்டுல இறங்க மாட்டேன்" என்றார். வாயை மூடுங்க என்று கத்திவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

நோட்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாருடையதையும் வாங்கினேன். பார்த்தது ஒன்றைத்தான்.

அவளும் அன்று −6 என்றுதான் எழுதியிருக்கிறாள். அதன்மேல் பென்சிலால் + ஆக்கி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அன்று கை தூக்கியது இதற்குத்தான். கடைசிப் பக்கத்தில் தானே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்: "டப்பாவில் 20 பென்சில். (x − 3) எடுக்கணும். தெரியாம x எடுத்துட்டேன். மூணு அதிகம். திருப்பி வைக்கணும். அதான் +3. ரெண்டு தடவை எடுத்தா +6!!"

இரண்டு ஆச்சரியக்குறிகள். யாருமே அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இப்படிச் சொல்லித்தரத் தோன்றியதில்லை. ஏன் குறி மாறுகிறது என்று நான் யோசித்ததே இல்லை என்பதுதான் உண்மை. மாறும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் இவர்களுக்குச் சொன்னேன்.

பென்சில் டப்பாவின் குறுக்கே பேனாவால் ஒரு பெரிய கோடு. அதன்கீழ், "டீச்சர்: −6".

தேர்வுத்தாள் கொடுத்த அன்று அவள் திருத்தியது இதைத்தான்.

அக்டோபர் 24, செவ்வாய்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், சரிபண்றதுன்னா முப்பத்தஞ்சு பேருக்குக் குறைக்கணும். அதுல எத்தனை பேர் அறுபதுக்குக் கீழ போவாங்க?"

"அஞ்சு பேர் சார்."

"அஞ்சு வீட்டுலேர்ந்தும் வந்து நிப்பாங்க. யாரு தப்புன்னு கேட்டா? போர்டுல போட்டது நீங்க, குறிப்பு எழுதினதும் நீங்க. ஜூன்ல துணைத் தலைமையாசிரியை லிஸ்ட் போகுது, முதல் பேரு உங்களோடது. யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு, சார்..."

"அது வந்து கேட்டுச்சா?"

இல்லை. கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் நான் பழக்கியிருக்கிறேனே.

அக்டோபர் 27, வெள்ளி

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 1, புதன்

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேனாம். வெட்கங்கெட்டவள்.

நவம்பர் 6, திங்கள்

தலைமையாசிரியரே வழி சொன்னார். மற்றவர்களைத் தொட வேண்டாம். அவளுக்கு மட்டும் இரண்டு கூட்டி, பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'கூட்டல் தவறு' என்று எழுதினால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

எழுதினேன். நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன்.

அவளைக் கூப்பிட்டு, "மொத்தம் கூட்டினதுல தப்பாயிடுச்சும்மா, உனக்கு அறுபது" என்றேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்றாள். தேங்க்ஸாம். நீ போட்ட கணக்கு சரி என்று ஒரே ஒரு வாக்கியம், நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 13, திங்கள்

பிராயச்சித்தம் தேடுகிறேனோ என்னவோ. இன்றிலிருந்து போர்டில் தினம் ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக எழுதப்போகிறேன். "இதுல ஒரு வரி தப்பு, கண்டுபிடிங்க" என்று சொல்லியே எழுதினேன். முப்பத்தெட்டுப் பேரும் அந்த வரியையும் சேர்த்து அழகாக எழுதிக்கொண்டார்கள். முதல் பெஞ்சுக்காரி அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தாள்.

நவம்பர் 16, வியாழன்

நான்காவது நாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

அவள் கண்டுபிடித்தாள்.

நான் மூன்றாவது பெஞ்சையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரிக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. மேல் வரியைப் பார்த்தாள், கீழ் வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லும்மா, சொல்லித் தொலையேன்! சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

தலையைக் குனிந்து, தப்பு வரியை அப்படியே எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 27, திங்கள்

முடியவில்லை. இன்று சொல்லிவிட்டேன். அந்தப் பழைய கணக்கை மறுபடி போர்டில் போட்டு, இரண்டாவது வரியில் +6 என்று எழுதினேன். "தேர்வுல நான் குறிப்பு தப்பா எழுதிட்டேன். நீங்க எல்லாரும் என் தப்பையே எழுதினீங்க. இவ ஒருத்திதான் சரியா போட்டா. அவளுக்குப் போய் மார்க் குறைச்சேன். கூட்டல் தப்புன்னு சொன்னது பொய்" என்றேன். பென்சில் டப்பாக் கதையையும் அவள் பெயரைச் சொல்லியே விளக்கினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், அப்போ முழு ஆண்டுத் தேர்வுல எதை எழுதணும்? பிளஸ்ஸா, மைனஸ்ஸா?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். பிளஸ் என்றேன். முப்பத்தெட்டுப் பேரும் குனிந்து பிளஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

மணி அடித்ததும் அவளிடம் போய், "கோபமா?" என்றேன்.

"இல்ல டீச்சர். பரவால்ல."

பதினான்கு வயதுப் பெண். ஏன் டீச்சர் என்று கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 30, வியாழன்

டீச்சர் தப்புத் தப்பாகச் சொல்லித்தருகிறார் என்று மூன்று வீட்டிலிருந்து புகாராம். தலைமையாசிரியர் கூப்பிட்டு, இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், பாடத்தை முடியுங்கள் என்றார். துணைத் தலைமையாசிரியை பட்டியலில் இப்போது வேறு பெயர். அதற்கு வருத்தப்படவில்லை என்று எழுத ஆசைதான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, திங்கள்

அடுத்த வருடப் பிரிவுக்கான படிவங்களை வாங்கினேன். ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். குறித்திருப்பதைச் சரிபார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். −6 எழுதியும் அறுபதுக்குக் கீழே போகாமல் தப்பிய அந்த ஐந்து பேரும் கணிதப் பிரிவு.

அவள் வந்தாள். பொதுப் பிரிவில் டிக் போட்டிருந்தாள். அழித்த தடமே இல்லை. வீட்டில் யாராவது சொல்லிப் போடவைத்தார்களோ என்று பார்த்தால், அம்மாவின் கையெழுத்துக்கு மேலே 'என் மகளின் விருப்பப்படி' என்று எழுதியிருந்தது.

"உனக்குத்தான் அறுபது இருக்கே. கணக்கு எடுக்கலாமே?"

"வேணாம் டீச்சர்."

"ஏன்?" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி கேட்டேன். "ஏன்ம்மா?"

தோளைக் குலுக்கினாள்.

"சும்மாதான் டீச்சர்."

கையெழுத்துப் போட்டேன். அடுத்து யார் என்று கூப்பிட்டேன்.