முதலில் மன்னிப்பு, பிறகு விளக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மகன் வீட்டு மாடிப்படியில் சும்மா ஏறி இறங்காதீர்கள் என்று முன்பென்றால் உரிமையோடு அதட்டியிருப்பேன். இப்போது உங்கள் தம்பிக்கு நான் யாரோ. உங்களுக்கு யார் என்று தெரியவில்லை. வேறு எதுவும் வாயில் வராததால் அக்கா என்றே எழுதுகிறேன்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்ததை அவர் சொல்லியிருப்பார். பாப்பா அவரிடம்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் சாயங்காலம் வரை. நான் எப்படித் தோற்றேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வக்கீல் வேண்டாம், என் வழக்கை நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். திமிர்தான். ஃபிரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் ஒழுகுகிறது என்று ஃபோனில் கத்துகிறவர்களை நாள் முழுக்கச் சமாளிக்கிறேனே, கோர்ட்டில் நாலு பேர் முன்னால் பேச முடியாதா என்று நினைத்தேன். எங்கள் ஆபீசில் ஒரே பாடம்: முதலில் மன்னிப்பு, பிறகு விளக்கம். யார் குரலை உயர்த்தினாலும் என் வாய் தானாக மன்னிப்புக் கேட்டுவிடும்.

காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தனியாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனீர்களா இல்லையா என்று அவருடைய வக்கீல் சத்தம் போட்டார். "மன்னிச்சுக்கோங்க சார், தப்பு நடந்துபோச்சு" என்றேன். சத்தியமாக அக்கா, கேள்வி காதில் ஏறுமுன் வார்த்தை வெளியே போய்விட்டது. விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் நீதிபதி எழுதி முடித்து அடுத்ததற்குப் போய்விட்டார். தாய் தன் தவறை ஒப்புக்கொண்டார் என்று தீர்ப்பில் அச்சாகியிருக்கிறது.

இப்போது மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன், கீழே சைக்கிள் கடை. பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் பேச ஆளில்லை. பக்கத்து அறைக்காரம்மா கதவைத் தட்டி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால்கூடச் சந்தோஷமாக இருக்கிறது. பாப்பாவின் கட்டிலைப் பிரிக்க மனமில்லை. துணி மடித்து அதில் வைக்கிறேன்.

போன ஞாயிறு வந்தவள் தம்ளரைத் தட்டிவிட்டாள். என் மடியெல்லாம் தண்ணீர். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள். என்னை வா, போ என்று அதிகாரம் பண்ணிய வாய் அக்கா அது. யாரோ வீட்டுக்கு வந்தவள் போல ஓரமாக நின்றாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளே மேல்முறையீட்டுக்கு ஓடினேன். இந்த முறை வக்கீல் இருக்கிறார், கறாரான பெண்மணி. நீங்கள் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிள்ளையோடு யார் இருந்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அன்று உங்கள் தம்பி வெளியூர் போயிருந்தார். உங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத சமயம். நீங்கள் வந்தது தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றீர்கள், இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டது நீங்கள். "நீ கிளம்பு, வேலை போயிடப்போகுது, நான் பாத்துக்கறேன்" என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பியதும் நீங்கள்.

அன்று கூட இருந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வழக்கு எடுபடும் என்கிறார் வக்கீலம்மா. இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

நீங்களும் அவரும் இப்போதுதான் மறுபடி பேசிக்கொள்கிறீர்கள் என்று பாப்பா சொன்னாள். நீங்கள் தூக்கி வளர்த்த தம்பி. கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் வழக்கம்போல ஒரு மன்னிப்பு எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிருக்குக் காலில் சாக்ஸ் போடாமல் நடக்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
பாப்பாவின் அம்மா