மல்லிகை வாசனை ஏறிய வெள்ளைக் கோட்டு

அத்தை,

உன் வெள்ளைக் கோட்டில் இன்று மல்லிகை வாசனை அடித்தது. மெஷினில் துவைத்து, வாசனைத் தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு, வடைக்கும் பாயசத்துக்கும் பக்கத்தில் படையலில் வைத்திருந்தார்கள். கழுத்துப் பட்டியில் சந்தனப் பொட்டு வேறு. உனக்கு முதல் வருஷத் திதி. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் குமட்டியது.

நீ இருந்தபோது இந்தக் கோட்டை அம்மா மெஷின் பக்கமே விட்டதில்லை. "பொணத்த அறுத்துட்டு வந்த துணிம்மா. எங்க துணியும் இதுலதான போடறோம்" என்பாள். சனிக்கிழமை நீ மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வந்தால் அப்பா வாசலிலேயே நிற்பார். "சாவு ஊட்டுக்குப் போய்ட்டு வந்தா தலைக்கு ஊத்திக்கறதில்ல? அப்டித்தான். ஊத்திக்கினு உள்ள வா."

கிரிவலம் போகிறவர்கள் கால் கழுவும் நம் வாசல் குழாயில்தான் நீ ஊற்றிக்கொள்வாய். ஒரு பௌர்ணமியன்று தெருவெல்லாம் கூட்டம். சுடிதார் உடம்போடு ஒட்ட நீ நின்றதைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார்: "ஊட்ல பாத்ரூம் இல்லியாம்மா?"

"இருக்குது தாத்தா. அதுக்குத் தீட்டு ஆவக் கூடாதாம்."

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு துண்டை நீட்டினேன். பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்தின் நாற்றம் அது. கண்ணை எரிக்கும்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தபோது உனக்கு இந்தத் தீட்டெல்லாம் இல்லை. ஏ.சி. அறை, கழுத்தில் அட்டை. செல்போன் ஆப்பில் 'வேண்டாம்' என்ற பட்டனை ஜனங்கள் கண்ணில் படாமல் எங்கே ஒளிக்கலாம் என்று யோசிப்பதுதான் வேலை என்றாய். ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்தாய். என் அறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகம் படித்தாய். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன். நீ தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவேன்.

"வயசு முப்பது ஆவுது டாக்டரம்மாவுக்கு" என்று அப்பா சிரித்தார். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நோயாளியெல்லாம் செத்துடுவான்."

"அப்ப போஸ்ட்மார்ட்டம் பண்றேண்ணா."

கடைசியில் அது உனக்குத்தான் நடந்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம், மழையில், ஸ்கூட்டியில் வந்த உன்னை பஸ் இடித்தது. உன்னைத் தைத்துக் கொண்டுவந்தபோது இதே வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்ததும் உன்னைத் தொட்ட கையோடு அதே குழாயில் வரிசையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள்.

இன்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி டாக்டரு" என்றார். நீ டாக்டர் ஆகவே இல்லை, அத்தை. அவர் விட்டிருந்தால் உயிரோடு இருந்தபோது வீட்டுக்குள் நேராக வந்திருப்பாய். அது போதும் உனக்கு. இலை போட்டுச் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடியே அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்குக் கம்ப்யூட்டர் குரூப்தான். பொணம் அறுக்கற பொழப்பு நம்ம ஊட்டுக்கு ஆவாது. ஒருத்தி போனது போதும்."

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு எந்தக் குரூப் என்று சொல்ல வேண்டும். அப்பாவும் வருகிறார். அவர் குரலை உயர்த்தினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும், வார்த்தை வராது. உனக்குத் தெரியும். இதைக்கூடப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தாலும் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன்.

எல்லோரும் தூங்கியபின் படையலிலிருந்து கோட்டை எடுத்து வந்தேன். அதன் பைக்குள் மூக்கை விட்டுத் தேடினேன். மல்லிகைதான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்த நாற்றம் கொஞ்சம்கூட மிச்சமில்லை.

முதல் முறை பிணத்தைப் பார்த்த அன்று என்ன செய்தாய் என்று உன்னைக் கேட்டேன் இல்லையா? "வாந்தி எடுத்தேன். வாயக் கழுவிட்டு மறுபடி உள்ள போனேன். பொணம் நாறும்டி. ஆனா அது யாரையும் ஏமாத்தாது" என்றாய்.

நாளைக்கு அப்பா பக்கத்தில் நிற்கும்போது எனக்கும் வாந்தி வரும். வெளியே ஓடிப்போய் எடுப்பேன். வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போய், உயிரியல் என்று சொல்வேன்.